மூன்று வாய் போதும்

எட்டாம் பகுதி ஒளிபரப்பாகி ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஓரியே அதை இன்னும் பார்க்கவில்லை. தான் வரைந்தது டிவியில் ஓடிய நேரத்தில் அவள் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு படுத்திருந்தாள். காலையில் எழுந்து, பார்த்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போனில் படிக்க மட்டும்தான் தைரியம் வந்தது.

"இருபது நிமிஷம் ரெண்டு பேர் உக்காந்து பேசுறாங்க. வாள் எங்கடா?"

"நான் தூங்கி எந்திரிச்சுப் பாக்குறேன், இன்னும் அதே டீயை ஊதிக்கிட்டு இருக்கான்."

"கடைசிப் பகுதிக்குக் காசு மிச்சம் பிடிக்கிறாங்க போல."

"முடிவுல நாகி என்ன சொன்னா? ரயில் சத்தத்துல கேக்கல. யாராவது சொல்லுங்கப்பா."

இந்தக் கேள்விக்குக் கீழே மட்டும் பதில்கள் நீண்டுகொண்டே போயின. பாதிப் பேர் 'போகாதே' என்றார்கள். பாதிப் பேர் 'உன்னைப் பிடிச்சிருக்கு' என்றார்கள். ஒருவர் 'பசிக்குது' என்று எழுதி நிறைய கைதட்டல் வாங்கியிருந்தார்.

ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. அது ஓரியேவுக்குத் தெரியும். ஏனென்றால் அந்த வார்த்தைகள் நாகியுடையவை அல்ல, ஓரியேவுடையவை. அவை ஒரே ஒருவருக்காக வரையப்பட்டவை. அவன் அதை இன்று பதினொரு மணிக்குப் பார்க்கப் போகிறான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

அந்த அனிமேஷன் தொடரில் வாரம் தவறாமல் சண்டை இருக்கும். நாகி என்ற பெண்ணும் இட்சுகி என்ற இளைஞனும் நரி ஆவிகளை வாளோடு துரத்துவார்கள். எட்டாம் பகுதியில் ஆவியும் இல்லை, வாளும் இல்லை. பனி கொட்டும் ஊரில் ஒரு ரயில் நிலையம். காத்திருப்பு அறையில் மண்ணெண்ணெய்க் கணப்பு. இரண்டு பேர், பேச்சு. இட்சுகி ஊரைவிட்டுப் போகிறான். ரயில் வரும்போது நாகி ஏதோ சொல்கிறாள். ரயில் ஓசையில் அது கேட்பதில்லை.

அந்தக் கடைசி ஷாட்டை ஓரியேவிடம் கொடுத்தபோது செப்டம்பர். திரைக்கதையில் 'நாகி ஏதோ சொல்கிறாள்' என்று மட்டும் இருந்தது. எழுதியவரைக் கேட்டால், தெரியாது என்றார். டைரக்டரைக் கேட்டால், "யாருக்கும் தெரியக் கூடாது. எனக்கே தெரிய வேணாம். வாயை ஏதாவது அசைச்சு விடு" என்றார்.

ஏதாவது என்றால் மூன்று. மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதாகத் திறந்த வாய். எந்த வசனமானாலும் இந்த மூன்று படங்களைத்தான் மாற்றி மாற்றி வைப்பார்கள். மிச்சத்தைப் பார்ப்பவரின் காது நிரப்பிக்கொள்ளும். ஓரியே அந்த ஷாட்டுக்குப் பன்னிரண்டு வாய் வரைந்தாள். ஜப்பானிய மொழியின் ஓர் அசைக்கு ஒரு வாய். கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று, தன் வாயைத் தானே பார்த்துப் பார்த்து.

ஸ்டுடியோவில் எல்லோருடைய படங்களையும் திருத்துகிறவர் ஹதானோ; மரியாதைக்கு 'ஹதானோ சான்' என்பார்கள். இருபது வருட அனுபவம், பெரிய குரல். படக்கட்டை விரலிடுக்கில் வைத்து விர்ரென்று புரட்டிப் பார்த்தார்.

"என்னடி இது? இவ பேசுறாளா, பல் டாக்டர்கிட்ட வாயைக் காட்டுறாளா? மூணு வாய் போதும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"தந்தாங்க."

"என்ன? காதுல விழல."

"சொல்லித் தந்தாங்கன்னு சொன்னேன், ஹதானோ சான்."

"கொசுகூட உன்னைவிடச் சத்தமாப் பேசும். ஒரு ஷாட்டுக்கு இவ்வளவுன்னுதான் கூலி. வாய்க்கு இவ்வளவுன்னு கிடையாது, தெரியும்ல?" இன்னொரு முறை புரட்டினார். இந்த முறை மெதுவாக. "இது நிஜமாவே ஏதோ வார்த்தை மாதிரி இருக்கே. என்ன வார்த்தை?"

ஓரியே ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். ஹதானோ அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கோடுகூடத் திருத்தாமல் தன் முத்திரையைக் குத்தி உறையில் போட்டார்.

"எங்கயோ ஒக்கினாவாத் தீவுலருந்து ஒருத்தி நெட்லயே படம் அனுப்புறா. நீ மட்டும் எதுக்குத் தினமும் இந்தக் குகைக்கு வந்து உக்காந்திருக்க? வெளியூர் எங்கயாவது போய் வெயிலைப் பாரு," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

*

ஸ்டுடியோவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ரொட்டிக்கடை. சோஹெய் அங்கே அடுப்பையும் பார்ப்பான், கல்லாவையும் பார்ப்பான். ஏழு வயதில் வந்த காய்ச்சல் அவன் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. கல்லாவில் ஓர் அட்டை நிற்கும்: 'எனக்குக் காது கேட்காது. முகத்தைக் காட்டிப் பேசுங்கள்.' ஆனால் அது எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த காலம். ஓரியே ஆறு மாதம் விரலால் காட்டியே ரொட்டி வாங்கினாள். அவளுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஒருநாள் அவளுக்கு வேண்டிய இனிப்பு ரொட்டி தட்டில் இல்லை. வேறு வழியில்லாமல் முகக்கவசத்தை இறக்கினாள்.

"மெலன் ரொட்டி இல்லையா?"

"பத்து நிமிஷத்துல வந்துரும்," என்றான். ஏற்ற இறக்கம் இல்லாத, கொஞ்சம் தேவைக்கு மேல் உரத்த குரல். "நல்லாத்தானே பேசுறீங்க. அப்புறம் எதுக்கு விரலைக் காட்டுறீங்க?"

"என் குரல் ரொம்பச் சின்னது. எல்லாரும் என்ன, என்னன்னு கேப்பாங்க."

"அப்படியா?" அவன் சிரிக்கவே இல்லை. "எனக்குத் தெரியவே தெரியாது."

அன்று ஓரியே மெலன் ரொட்டியைத் தெருவில் நடந்துகொண்டே தின்றாள். அவள் வீட்டில் அதை அநாகரிகம் என்பார்கள்.

சனிக்கிழமைகளில் சேர்ந்து பார்க்கும் பழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்கும் சரியாக நினைவில்லை. மூன்று வருடம் இருக்கும். அவன் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பை மூட்டிப் பத்தரைக்கு வேலை முடிப்பான். கடைக்கு மேலேதான் அவன் அறை. முந்தின இரவு பதிவான பகுதியைச் சப்டைட்டிலோடு பார்ப்பார்கள். விற்காத ரொட்டியைத் தின்பார்கள்.

"உங்க ஆளுங்க எல்லாரும் மீன் தொட்டியில இருக்குற மாதிரியே இருக்காங்க," என்பான் அவன். "கோவம் வந்தாலும் பப்பப்பா. அழுதாலும் பப்பப்பா. எழுத்து இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே புரியாது."

"மூணு வாய்தான் வரையணும். அதான் வழக்கம்."

"பாவம் மீனுங்க."

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, தர்பூசணி வெட்டும்போது சொன்னான். மட்சுயே என்ற தூரத்து ஊரில், ஏரிக்கரையில், வயதான ஒரு தம்பதி தங்கள் ரொட்டிக்கடையை விடுகிறார்கள். அவன் எடுத்து நடத்தலாம் என்று கேட்டிருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் போக வேண்டும். போனில் படங்களைக் காட்டினான். ஓரியே, "ஓ" என்றாள். பிறகு, "நல்ல ஏரி" என்றாள். அவளுக்குச் சொல்ல இருந்தது அது இல்லை. சொல்ல இருந்ததை அடுத்த மாதம் பன்னிரண்டு தாள்களில் வரைந்தாள்.

வருகிற வியாழக்கிழமை அவன் போகிறான்.

*

அறையில் முக்கால்வாசி அட்டைப்பெட்டிகளாக இருந்தது. டிவியையும், போர்வை போர்த்திய கணப்பு மேசையையும் மட்டும் அவன் இன்னும் கட்டவில்லை. ஓரியே ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து காலை உள்ளே விட்டாள்.

"மேசைக்கு அடியில முழுக்க உங்க காலாவே இருக்கு."

"வீடு என்னோடது. வியாழக்கிழமை வரைக்கும்." காலை மடக்கி இடம் விட்டான். "நெட்ல என்ன சொல்றாங்க?"

"தூக்கம் வருதாம்."

"மூணு மணிக்கு எந்திரிச்சவன் நான். எனக்கே வரல, அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

பொத்தானை அழுத்தினான். பனி விழுந்தது. கணப்புக்கு இந்தப் பக்கம் நாகி, அந்தப் பக்கம் இட்சுகி. வெகு நேரம் யாரும் அசையவில்லை. இட்சுகி டீயை ஊதினான். நாகி தன் கையுறையில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். ஒரு வாக்கியம். கெட்டில் ஆவி. இன்னொரு வாக்கியம்.

"இவன் ஊதி ஊதியே அதைப் பனிக்கட்டியாக்கிருவான் போல."

"அது நான் வரையல. ஹதானோ சான்."

"அவங்க ஊதுனா டீ ஆறாது, கொதிக்கும்."

ஓரியே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. திரையின் மூலையில் ஓடும் நேரத்தைப் பார்த்தாள். கடைசி ஷாட்டுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

அவன் சட்டென்று படத்தை நிறுத்தினான்.

"ஒண்ணு சொல்லவா? வாள் சண்டை வர்றப்ப எனக்கு எப்பவும் ஒரே ஓட்டம். எழுத்தைப் படிச்சா சண்டை போயிரும், சண்டையைப் பாத்தா எழுத்து போயிரும். இதுல படிச்சு முடிச்சுட்டு, அவ மூஞ்சியை நிதானமாப் பாத்துட்டு, நூலைக்கூடப் பாக்க முடியுது. மொத தடவையா ஒண்ணையும் விடல." ரிமோட்டால் திரையைக் காட்டினான். "தூக்கம் வருதுன்னவங்களுக்கெல்லாம் காது ரொம்ப நல்லாக் கேக்குது. அதான் பிரச்சினை."

அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். மறுபடி படம் ஓடியது.

அவன் படித்துவிடுவான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. படித்துவிட்டு என்ன செய்வான் என்பதைத்தான் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள். எப்படி யோசித்தாலும், அவன் மரியாதையாக, இதமாக, "ஓ" என்று சொல்வதிலேயே போய் முடிந்தது. அவள் சொன்ன மாதிரியே.

இட்சுகி எழுந்தான். நாகி பின்னாலேயே நடைமேடைக்கு வந்தாள். தூரத்தில் விளக்கு. நாகியின் முகம் திரை முழுக்க வந்தது. அடியில் எழுத்து: (ரயில் ஓசை).

முதல் வாய். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

ரயில் வந்துவிட்டது.

ஜன்னல் ஜன்னலாக, வெளிச்சம் வெளிச்சமாக, நாகியின் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடியது. அது போய் முடிந்தபோது நாகி வாயை மூடிக்கொண்டிருந்தாள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

ஓரியே வரைந்ததில் ரயில் இவ்வளவு சீக்கிரம் வராது. பன்னிரண்டு வாயும் முடிந்த பிறகுதான் வரும். போன மாதம் ஸ்டுடியோ மாடிப்படியில் ஹதானோ போகிற போக்கில் சொன்னது இப்போதுதான் உறைத்தது. "டைரக்டர் ரயிலைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிட்டாரு. அப்பத்தான் விறுவிறுப்பா இருக்குமாம்." வேறு ஏதோ ஷாட்டைச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள். இருபது நிமிடம் ஒருவரும் எழுந்திருக்காத கதையில், விறுவிறுப்பு தேவைப்பட்டது அந்த ஒரே இடத்துக்குத்தான்.

முதலில் அப்பாடா என்றிருந்தது. உடனேயே அழுகை முட்டியது. அவள் அதை ரொட்டியோடு சேர்த்து விழுங்கினாள்.

சோஹெய் படத்தைப் பின்னால் ஓட்டினான். நான்கு வாய், ரயில். மறுபடியும். நான்கு வாய், ரயில். மூன்றாவது முறை டிவிக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தான். அப்போது கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு மின்னியது. கீழே கடையின் முதலாளியம்மா அவனைக் கூப்பிடப் பொத்தானை அழுத்துகிறார். அவன் எழுந்து படியிறங்கிப் போனான்.

ரிமோட் மேசைமேல் கிடந்தது. பதிவை அழித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அழித்து என்ன? அதற்குப் பக்கத்திலேயே அவன் போன் திறந்தபடி இருந்தது. மட்சுயே படங்கள். ஆகஸ்டில் அவள் ஏரியை மட்டும்தான் பார்த்திருந்தாள், அதுவும் பார்ப்பதுபோல. இப்போது ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடை முகப்பு ஒன்று. ரொட்டி அடுப்பு ஒன்று. மாடியில் இருக்கும் காலி அறைக்கு மட்டும் நான்கு படம். வாசலிலிருந்து, மூலையிலிருந்து, பெரிய வடக்கு ஜன்னலுக்கு நேராக, அந்த ஜன்னலடியில் ஒரு மேசை போட்டால் எவ்வளவு இடம் மிச்சமிருக்கும் என்று அளப்பதுபோலத் தரையோடு தரையாக.

"நல்ல வெளிச்சம், இல்ல?" என்று அப்போது அவன் கேட்டிருந்தான். "நாள் பூரா மாறாத வெளிச்சம். ரொட்டி சுடறவனுக்கு இது எதுக்குன்னுதான் தெரியல." வடக்கு வெளிச்சம் வரைகிறவர்களுக்கு உகந்தது என்று தெரிந்திருந்தும் அவள் அதற்கும் "ஓ" என்றிருந்தாள்.

படியில் காலடி கேட்டது. போனை அவசரமாகப் பழைய இடத்தில் வைத்தாள்.

அவன் இரண்டு மெலன் ரொட்டியோடு வந்தான். சூடு இன்னும் போகவில்லை. "முதலாளியம்மா கொடுத்தாங்க. கடைசிச் சனிக்கிழமையாம். 'அந்த விரல் பொண்ணுக்கும் குடு'ன்னாங்க."

"இன்னும் அந்தப் பேருதானா?"

"கடைக்குள்ள உங்களுக்கு வேற பேரே கிடையாது." உட்கார்ந்தான். ரொட்டியைத் தொடவில்லை. "இந்த மீனுக்குப் பேச வருது."

ஓரியே மேசைப் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"'நானும்'," என்றான் சோஹெய். "அதுக்கப்புறம் ரயில்."

ஜப்பானிய மொழியில் அது நான்கு அசை. அவள் தலையசைத்தாள்.

"நாலு வாய்தான் இருக்கு. நீங்க எத்தனை வரைஞ்சீங்க?"

"பன்னெண்டு."

"மிச்சம் எட்டு?"

"வெட்டிட்டாங்க."

"டைரக்டர் சொல்லிக் குடுத்த வசனமா?"

"அவருக்குத் தெரியாது."

"எழுதுனவருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

'எனக்கு' என்பதற்கு ஊர் வழக்கப்படி, ஓரியே விரலால் தன் மூக்கைக் காட்டினாள்.

"மறுபடியும் விரலா?" என்றான் அவன். இந்த முறை சிரித்தான். ஆனால் அவன் கை மேசைமேல் அமைதியாக இல்லை. ரொட்டிப் பையின் காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பைக்குள் கைவிட்டுப் பென்சிலை எடுத்தாள். அவன் கையிலிருந்த காகிதத்தை மெல்ல இழுத்து, ஐந்தாவது வாயை வரைந்தாள். ஆறாவதை ஆரம்பித்தாள். இது அவளால் முடியும். இன்னும் ஆறு வரைந்துவிட்டால் போதும், எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அவன் காகிதத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"வரைய வேணாம். இதையும் ஏதாவது ஒரு ரயில் வந்து மறைச்சிரும்."

எழுந்து போய்த் திரைச்சீலையை முழுக்க ஒதுக்கினான். ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த இரண்டு பெட்டிகளைத் தூக்கி ஓரமாக வைத்தான். நவம்பர் வெயில் ஓரியேவின் முகத்தில் விழுந்தது. ஒரு சொல்லும் தவறக் கூடாது என்று நினைக்கும்போது அவன் செய்வது அது. வங்கியில், மருத்துவரிடம், அவன் எதிரில் இருப்பவரை வெளிச்சத்துக்குத் திருப்பி உட்காரச் சொல்வதை அவள் பார்த்திருக்கிறாள். அவளிடம் அவன் அதைச் செய்தது இதுதான் முதல் தடவை.

எதிரே வந்து உட்கார்ந்தான். டிவியை அணைத்தான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான்.

"சொல்லுங்க," என்றான். "சின்னக் குரல் போதும்."

ஓரியே கன்னத்தில் ஒட்டியிருந்த ரொட்டித்தூளைத் துடைத்தாள். முகவாயை நிமிர்த்தினாள். வாய் ஒருமுறை திறந்து மூடியது. மீன்தான். அவன் காத்திருந்தான். நாகியின் கையுறை நூலைப் பார்த்தபோது இருந்த அதே நிதானம்.

பிறகு குரல் வந்தது. அவளே எதிர்பார்க்காத அளவுக்குப் பெரிய குரல். கீழே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த முதலாளியம்மாவின் கைச்சத்தம் நின்றது.

"நானும் வரட்டுமா?"